உதட்டைப் பார்த்துப் பேசிய ராசா

பிள்ளைகளா, நாடக விருது விழாவில் நடந்ததை உங்கள் அம்மா சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நான் மேடையேறிக் கத்தினேன் என்று அவள் சொல்வது பொய். என் வாயிலிருந்து சத்தமே வரவில்லை. அதனால்தான் எல்லாம் நடந்தது. நீங்கள் இருவரும் அன்று பள்ளி விளையாட்டுப் போட்டிக்குப் போயிருந்தீர்கள். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கலைச்சங்கம் வருடந்தோறும் நாடகங்களுக்கும் இசை நாடகங்களுக்கும் விருது கொடுக்கிறது. சுற்றுப்பக்கத்துக் குழுக்கள் எல்லாம் ஒரு கல்யாண மண்டபத்தில் வந்து நடிக்க வேண்டும். அடுத்த ஞாயிறு காலையில் அதே மண்டபத்தில் பரிசளிப்பு. எங்கள் ராஜபாளையம் மில் தொழிலாளர் குழு ஆறு வருடமாகப் போய் ஆறு வருடமும் வெறுங்கையோடு திரும்பியது. மில்லில் எங்களைப் பார்த்தாலே, "என்ன மாப்ள, இந்தத் தடவையும் பஸ் டிக்கெட்டுதான் பரிசா?" என்பார்கள்.

இந்த வருடம் கண்மாய் வெட்டிய ஒரு ராசாவின் கதையை இசை நாடகமாகப் போட்டோம். ராசா வேடம் என்னோடு நூல் நூற்கும் ஸ்பின்னிங் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு தம்பிக்கு. நல்ல குரல், நல்ல உயரம். பாட்டு ஒருமுறை கேட்டால் போதும், பிடித்துக்கொள்வார். வசனம் மட்டும் ஒரு வரி நிற்காது. ஆனால் பின்னாலிருந்து குரல் கொடுத்து வசனம் எடுத்துக் கொடுக்கக் கூடாது என்பது போட்டி விதி.

மில்லில் மெஷின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே கேட்காது என்பது உங்களுக்குத் தெரியும். இருபது வருடமாக நாங்கள் உதட்டைப் பார்த்தேதான் பேசிக்கொள்கிறோம். 'சூப்பர்வைசர் வாரார்' என்பதை நாற்பது அடிக்கு அப்பாலிருந்து படித்துவிடுவோம். அதனால் மேடை ஓரத் திரைக்குப் பின்னால் நான் நின்றேன். சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தேன். ராசா என் முகத்தைப் பார்த்து முழங்கினார். குரல்தான் வரக்கூடாது, உதட்டைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லையே என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

பரிசளிப்பு அன்று நானும் உங்கள் அம்மாவும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். நடுவராக வந்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. அவர் மைக்கில், "இவ்வளவு வசனத்தையும் தடுமாறாமல் நினைவில் வைத்துப் பேசியதற்காகச் சிறப்பு விருது" என்று எங்கள் ராசாவை அழைத்தார். எங்கள் ஆட்கள் விசில் அடித்தார்கள். ராசா கேடயத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். நான் மட்டும் கைதட்டவில்லை. வேறு எதற்குக் கொடுத்திருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

"ரெண்டு வார்த்தை பேசுங்க தம்பி" என்று மைக்கை நீட்டினார்கள். அவர் மைக்கை வாங்கினார். பழக்கதோஷம், என் முகத்தைத் தேடினார்.

அந்த நேரம் பார்த்து உங்கள் அம்மா, "ஏங்க, எல்லாரும் சிரிக்காக, நீங்க மட்டும் ஏன் உம்முனு இருக்கீக?" என்றாள்.

நான் மேடையைப் பார்த்தபடியே அவளிடம் முணுமுணுத்தேன்: "அவனுக்கு ஒரு வரி தெரியாது. அம்புட்டும் நான் எடுத்துக் குடுத்ததுதான்."

மைக்கில் ராசாவின் குரல் கணீரென்று வந்தது: "அவனுக்கு ஒரு வரி தெரியாது! அம்புட்டும் நான் எடுத்துக் குடுத்ததுதான்!"

டீச்சர் கேட்டார்: "எவனுக்குத் தெரியாது, தம்பி?"

ராசா என்னைப் பார்த்தார். நான் பயத்தில் வாயை இறுக மூடினேன். அவரும் இறுக மூடிக்கொண்டார். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதற்கு மேல் உட்கார முடியவில்லை. எழுந்து கைகூப்பி எல்லாவற்றையும் சொன்னேன்.

எங்கள் குழுவில் தபேலா வாசிப்பவர் விடவில்லை. "குரலே வரலையேம்மா! ஒதடுதானே ஆடுச்சு! ஒதடு ஆடக்கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு?"

டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, அவர் முதுகைக் காட்டி நிக்கட்டும். தம்பி, ரெண்டாம் காட்சியில முதல் வசனம் சொல்லுங்க."

நான் திரும்பி நின்றேன். பின்னாலிருந்து ராசா, "வசனம் வரல டீச்சர். பாட்டு வரும், பாடட்டா?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் கண்மாய்ப் பாட்டை எடுத்தார். மூன்று சரணமும் ஒரு சொல் பிசகாமல் வந்தன. ஜனங்கள் தாளம் போட்டார்கள்.

நடுவர்கள் கூடிப் பேசினார்கள். நினைவாற்றல் கேடயம் வத்திராயிருப்புக் குழுவில் ராணியாக நடித்த பெண்ணுக்குப் போனது. ராசாவே அவர் கையில் கொடுத்தார். டீச்சர், பாட்டுக்காக என்று சொல்லி, தனக்குப் போர்த்திய பொன்னாடையை எடுத்து ராசாவின் தோளில் போட்டார். "அடுத்த வருஷம் நீங்களே பேசணும்" என்றார்.

வெளியே வேனில் ஏறியதும் கேலி தொடங்கிவிட்டது. "ஏலே, வீட்ல பொண்டாட்டி ஏதாச்சும் கேட்டாலும் அண்ணன் மூஞ்சியத்தான் பாப்பியா?"

ராசா கோபப்படவில்லை. என்னிடம், "அண்ணே, கேடயத்தத் தூக்கும்போது எனக்கே கை கூசுச்சு. வார வருசம் நீங்க ஆடியன்ஸுல உக்காந்து பாருங்க. தப்பா வந்தாலும் நானே பேசிக்கிடுதேன்" என்றார்.

"செருப்பை மாத்திப் போட்டுட்டேன், இரு வாரேன்" என்று சொல்லிவிட்டு நான் மட்டும் இறங்கி மண்டபத்துக்குள் போனேன். நாற்காலிகளை அடுக்கிவிட்டு ஆட்கள் போயிருந்தார்கள். மேடை ஓரத் திரையை விலக்கினேன். ராசா கண்ணுக்கு நேராக என் வாய் தெரிய வேண்டும் என்று போட்டியன்று நான் நிற்கும் இடத்துக்குத் தரையில் சாக்பீஸால் போட்ட வட்டம் அப்படியே இருந்தது. கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து, குனிந்து, அதை அழித்தேன்.