கேமராவுக்கு வைத்த பொட்டு

எங்கள் பள்ளியில் ஆறாவது படிக்கும் கோகிலாவுக்குப் பார்வை கிடையாது. பாடப்புத்தகத்துக்கு மேலே பிடித்தால் சத்தமாக வாசித்துக் காட்டும் கேமரா ஒன்று அவளுக்காக வாங்கியிருக்கிறோம்.

பூசை விடுமுறை முடிந்து இன்று எடுத்தால், எந்தப் பக்கத்தைக் காட்டினாலும் "எழுத்து எதுவும் இல்லை" என்கிறது. சார்ஜ் போட்டேன், அணைத்துப் போட்டேன், கேபிளை மாற்றினேன். ஒன்றும் புரியவில்லை. நாளைக்கு அவளுக்குச் சமூக அறிவியல் தேர்வு வேறு.

மத்தியானம் திருச்செங்கோட்டில் ஒரு செல்போன் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். கடைக்காரர் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்.

"ஏனுங்க டீச்சர், லென்ஸ் மேல சந்தனம் வெச்சா அதுக்கு எப்படிங்க தெரியும்?"

யார் பார்த்த வேலை என்று வகுப்பில் வந்து சத்தம் போட்டேன். கோகிலா எழுந்தாள்.

"நாந்தானுங்க மிஸ். ஆயுத பூசைக்கு எங்கப்பா தறிக்குப் பொட்டு வெப்பாருங்க. எனக்கு இதுதானுங்களே? தடவிப் பாத்து, நல்லா வழவழன்னு இருந்த எடத்துல வெச்சேனுங்க."

"அதுதான் சாமி, அதோட கண்ணு" என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள்.

"அப்ப இத்தன நாளா அதுக்கும் கண்ணு தெரியலீங்களா?"

வகுப்பே சிரித்தது. அவளும்தான். திட்டுவதா, சேர்ந்து சிரிப்பதா என்று தெரியாமல் நான் மட்டும் நின்றேன்.

அடுத்த பூசைக்குப் பொட்டை எங்கே வைப்பது என்று வேறு கேட்டிருக்கிறாள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கேமராவோடு வந்த புத்தகத்தில் தேடிவிட்டேன், போடவில்லை.