உடைந்த பெட்டிகளின் ரிப்போர்ட்

போர்ட் கிள்ளானில் நான் வேலை பார்க்கும் கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டி உடைந்தால், உடைந்தது என்று மட்டும் ரிப்போர்ட்டில் எழுதுவோம். யார் உடைத்தது என்று எழுதமாட்டோம். சூப்பர்வைசர் அந்த ஆளைக் கூப்பிட்டு நன்றாகத் திட்டுவார், அதோடு முடிந்துவிடும். தலைமை அலுவலகத்துக்குப் போகும் காகிதத்தில் ஆள் தெரியாது.

ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. "பாக்ஸ் வாஸ் புரோக்" என்றுதான் பல வருடமாக எழுதிவந்தேன். ஒருநாள் தலைமை அலுவலகத்தில் யாரோ அதைச் சிவப்பில் வட்டம் போட்டு, "புரோக்கன்" என்று திருத்தி, எல்லாருக்கும் மெயிலில் அனுப்பிவிட்டார்கள். மானம் போயிற்று. பக்கத்து மேசைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்கட்டும், எனக்கும் ரோஷம் இருக்கிறது என்று பிரிக்பீல்ட்ஸில் சனிக்கிழமை ஆங்கில வகுப்பில் சேர்ந்தேன்.

கிள்ளானிலிருந்து ரயிலில் நீண்ட பயணம். "டேர், டோர், டோர்ன். ஸ்டீல், ஸ்டோல், ஸ்டோலன்" என்று முணுமுணுத்துக்கொண்டே போவேன். அம்மா போனபின் பண்டமாரானில் இருக்கும் வீட்டில் நான் ஒருத்திதான். அங்கேயும் அதையே சத்தமாகச் சொல்வேன். வீட்டில் ஒரு குரலாவது கேட்குமே.

கிடங்கில் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டவர் ஒரே ஒருவர், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய அண்ணன். அவர் மனைவி கொடுத்துவிடும் நெத்திலி சம்பலில் பாதி என் தட்டுக்கு வந்துவிடும். "ஒத்தையா இருக்கோம்னு சமைக்காம கிடக்காதம்மா, சாப்புடு லா" என்பார். அவர் லீவு போட்ட நாட்களில் வேலைப் பேச்சு தவிர வேறு ஒரு வார்த்தை பேசாமல் வீடு திரும்பியிருக்கிறேன்.

வகுப்பில் செயப்பாட்டு வாக்கியம் நடந்த வாரம், யார் செய்தார் என்பதையும் சேர்த்து இருபது வாக்கியம் எழுதிவரச் சொன்னார் ஆசிரியை. இருபதும் சரி. எனக்குத் தலைகால் புரியவில்லை.

திங்கட்கிழமை அண்ணன் ஓர் அடுக்கைச் சாய்த்துவிட்டார். சூப்பர்வைசர் திட்டி முடித்ததும் நான் எழுத உட்கார்ந்தேன். "டுவெல்வ் பாக்ஸஸ் வேர் புரோக்கன் பை தி ஃபோர்க்லிஃப்ட் டிரைவர்." கிடங்கு வழக்கம் எனக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். ஆனால் வாக்கியம் முழுசாக, அழகாக இருந்தது. சிவப்பு வட்டம் போட்டவர் இதைப் பார்க்கட்டும் என்று அனுப்பிவிட்டேன். பாவி, அண்ணனை நினைக்கவே இல்லை.

அந்த மாதத்தோடு அவருடைய காண்ட்ராக்டை நிறுத்திவிட்டார்கள். கடிதத்தோடு என் ரிப்போர்ட்டின் நகலையும் இணைத்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"கிளாஸுக்குப் போனது வீண் போகலம்மா. ஒரு தப்புகூட இல்ல" என்றார்.

குத்திக்காட்டவில்லை, மனதாரத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

சம்பல் டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டு, சூப்பர்வைசரிடம் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் தட்டை எடுத்துவைத்து டப்பாவைத் திறந்தேன். அன்று சம்பல் முழுவதும் எனக்கே இருந்தது.