சாமியின் இடது கால்

சாலவாக்கத்துப் பொம்பளை என்றுதான் சொக்கம்மாள் அவளை அறிவாள். நாலைந்து வருடமாகத் தன் கழனியில் களை பிடுங்கியவளின் பேரைக் கேட்கத் தோன்றியதில்லை. அந்தப் பேரை முதன்முதலில் கேட்டது மாகறல் மடத்துச் சாமியின் வாயால்.

"போன பௌர்ணமிக்கு நீ வரல. கோவிந்தம்மாதான் காலுக்குத் தண்ணி ஊத்துச்சி."

அண்ணன் பேத்திக்குக் காது குத்தல் என்று ஏனாத்தூர் போன ஒரே ஒரு பௌர்ணமி அது.

மடத்துக்கு இடம் கொடுத்தது சொக்கம்மாளின் மாமனார். முன்பிருந்த பெரிய சாமிக்குப் பாத பூசை செய்தது மாமியார். அவள் போன பிறகு செம்பு இவள் கைக்கு வந்தது. அதைக் களை பிடுங்குகிறவள் தொட்டுவிட்டாள். அதோடும் போகவில்லை.

"வலது காலுக்கு நீ ஊத்து சொக்கம்மா. இடது காலுக்கு அது ஊத்தட்டும்" என்று சாமி பங்கு பிரித்துவிட்டார்.

அன்றிலிருந்து இடது காலில் குங்குமம் கொஞ்சம் அடர்த்தியாகத் தெரிந்தாலே சொக்கம்மாளுக்குச் சோறு இறங்காது. அந்தக் காலை நீட்டும்போது சாமியின் முகம் மலர்கிறதோ என்று பார்ப்பாள். மலர்வது போலவே இருக்கும்.

கோவிந்தம்மாள் புருஷனைப் பறிகொடுத்து, மகள் தமிழ்ச்செல்வியைக் கட்டிக்கொடுத்துவிட்டு ஒண்டியாக இருந்தவள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி முதல் பஸ்ஸில் வந்து மடத்து வாசலைப் பெருக்குவாள். பேச்சு குறைவு.

குரு பௌர்ணமி வந்தது. அந்த வருடம் திதி இரண்டு நாளில் விழுந்ததால் பூசை வியாழக்கிழமை என்று சாமி சொல்லியிருந்தார். அது தெரியாமல் கோவிந்தம்மாள் கழனியில் வந்து கேட்டாள்.

"என்னிக்கிம்மா பூசை?"

"வெள்ளிக்கெழமை" என்றாள் சொக்கம்மாள்.

வியாழனன்று வலது காலைக் கழுவிவிட்டு இடது காலுக்குக் கை நீட்டினாள். சாமி அதை மடக்கி அடியில் வைத்துக்கொண்டார்.

"இது கோவிந்தம்மா காலு. அது வரட்டும்."

"அவ எங்க வரப்போறா சாமி? நானே ஊத்திட்றேன்."

"வரட்டும்."

பொழுது சாயும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். வந்த ஜனமெல்லாம் ஒற்றைக் காலையே கும்பிட்டது.

"இன்னாக்கா, சாமிக்கு சுளுக்கா?" என்று யாரோ சொக்கம்மாளிடமே கேட்டார்கள்.

மறுநாள் பூவும் மஞ்சளுமாகக் கோவிந்தம்மாள் வந்து இறங்கினாள். சொக்கம்மாள் கதவோரம் நின்றுகொண்டாள்.

"நேத்து ஏன் வரல?" என்றார் சாமி.

கோவிந்தம்மாள் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். "எனக்குதான் நாள் தப்பிப்போச்சு சாமி."

சாமி இடது காலை நீட்டினார்.

இவள்தான் சொன்னாள் என்று காட்டிக் கொடுத்திருந்தால் அவளைத் திட்ட ஒரு சாக்காவது கிடைத்திருக்கும். அதையும் அவளே எடுத்துக்கொண்டாள். செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது "நாஷ்டா பண்ணீங்களாம்மா?" என்று வேறு கேட்டாள். சொக்கம்மாள் அதைத் தூணோரம் வைத்துவிட்டு நடந்தாள். அடுத்த பௌர்ணமிக்கு, மூட்டு வலி என்று மகன் சுகுமாரிடம் சொல்லிப் படுத்துக்கொண்டாள். பிறகு போகவே இல்லை.

கோவிந்தம்மாள் இப்போது மடத்திலேயே இருக்கிறாள். சாமியின் இரண்டு காலுக்கும் அவள்தான் தண்ணீர் ஊற்றுகிறாள்.