மூன்று மஞ்சள் பட்டாம்பூச்சிகளும் விஜயாவின் பழைய போனும்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானும் என் சிநேகிதிகள் இருவரும் மஞ்சள் பட்டாம்பூச்சிகளாக மாறி ஒரு மலை உச்சியில் நின்றுகொண்டிருந்தோம்.

பதற வேண்டாம்... போன் கேமில்தான். நிஜத்தில் நான் ஜெலுத்தோங்கில் எங்கள் ஃபிளாட்டில், அடுப்பில் குருமாவை வைத்துவிட்டு, சமையலறை மேடையில் சாய்ந்து நின்றேன்.

வேஷம் விஜயாவுக்காக. எங்களோடு வேலை பார்த்த விஜயா, கணவருக்கு வேலை மாற்றலாகி ஜொகூருக்குக் குடிபோகிறாள். மறுநாள் காலையில் புக்கிட் மெர்தாஜாமில் அவள் வீட்டு வாசலுக்குச் சாமான் ஏற்ற லோரி வந்துவிடும். அதற்கு முன் அவளுக்கு ஓர் ஆச்சரியம் கொடுக்க வேண்டும் என்று நாங்கள் போட்ட திட்டம் இது.

விஜயா கேமுக்குள் ஓடிவந்தாள். எங்களை ஒரு சுற்று சுற்றி வந்தாள். நாங்கள் சிறகுகளைப் படபடவென்று அடித்துக் காட்டினோம். மைக்கில் அவள் குரல் கேட்டது.

"ஏன்க்கா எல்லாரும் பேசாம நிக்கிறீங்க? எதும் பிரச்சனையா?"

மஞ்சளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை! சிறகைப் பற்றி மூச்சு இல்லை! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் போய்ச் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு கம்ப்யூட்டர் சிப் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன் என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். உள்ளே போகுமுன் பவுடர் கூடாது, கண்மை கூடாது, வளையல் கூடாது. தலை முதல் கால் வரை வெள்ளை ஜம்ப்சூட். முகத்துக்கு மாஸ்க், கைக்கு கிளவுஸ். கண் மட்டும்தான் வெளியே தெரியும். சிப் மேல் தூசு விழக்கூடாதாம். எந்தத் தூசு? நம் உடம்பிலிருந்து விழுகிற தூசு! வீட்டை எவ்வளவு கூட்டிப் பெருக்கிவிட்டு வந்தாலும், அங்கே போனால் குப்பை நாம்தான்.

நடப்பதில்கூட சட்டம் உண்டு. வேகமாக நடந்தால் காற்று கலைந்து தூசு கிளம்புமாம். அதனால் எல்லோரும் மெல்ல, மிக மெல்ல நடக்க வேண்டும். இப்படி எட்டு மணி நேரம்.

அப்படிப்பட்டவளிடம் ஒரு கேம் வந்து, "உனக்கு என்ன நிறம் வேண்டும்? என்ன கிரீடம் வேண்டும்?" என்று கேட்டால் சும்மா விடுவாளா?

கலாதான் முதலில் கொண்டுவந்தாள். எங்கள் லைனில் வேலை செய்பவள். பிறகு ஆயிஷா சேர்ந்தாள். பல வருஷமாக எங்கள் மேசையில் சாப்பிட்டுச் சாப்பிட்டு, எங்களைவிட நன்றாகத் தமிழில் சண்டை போடுகிற மலாய்க்காரி. அப்புறம் விஜயா, நான். ஞாயிறு சாயங்காலம் ஆனால் நால்வரும் ஒரு தீவில் ஓடுவோம், தாவுவோம், நட்சத்திரம் பொறுக்குவோம், எதிரணியிடம் உதை வாங்குவோம். ஜெயித்தால் புது உடுப்பு கிடைக்கும்.

நான் ஊதா கவுன், தங்கக் கிரீடம், நடந்தால் பொறி பறக்கும் கொலுசு. கலா தலையில் முள் முள்ளாக டுரியான் பழத் தொப்பி. ஆயிஷா உடம்பெல்லாம் விளக்கு எரியும் ரோபோ. விஜயா மட்டும் மஞ்சள் பட்டாம்பூச்சிச் சிறகை ஜெயித்த நாளிலிருந்து வேறெதையும் தொடவில்லை. ஃபேக்டரி பஸ்ஸில் வருகிறபோதும் அவள் உடுப்பு மஞ்சள்தான். அது அவளுக்கு உயிர்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரு அப்டேட் வந்தது. 'மற்றவர் அலங்காரத்தை மறை' என்று புதிதாக ஒரு பொத்தான். அதைத் தட்டினால் உங்கள் திரையில் மற்ற எல்லோரும் ஒரே சாம்பல் நிற பொம்மைகளாகிவிடுவார்கள். தலைக்கு மேல் மிதக்கும் பெயரும் மறைந்துவிடும்.

எனக்கு வந்ததே கோபம்! நான் பாடுபட்டு ஜெயித்துப் போட்டுக்கொண்டு வருவேனாம், அதைப் பார்ப்பதா வேண்டாமா என்று இன்னொருத்தி முடிவு செய்வாளாம். இது என்ன நியாயம்?

என் வீட்டுக்காரரிடம் கொட்டினேன். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னார்:

"உன் உடுப்பு உன் இஷ்டம். அவங்க கண்ணு அவங்க இஷ்டம்லா."

"அப்ப தீபாவளிக்கு நான் கட்டுன சேலை? அதையும் பாக்காம இருக்கிறது உங்க இஷ்டமா?"

"எந்தச் சேலை?"

என் கணவருக்கு அந்தப் பொத்தான் பிறக்கும்போதே அமுங்கியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தச் சூட்டோடு என் கூட்டாளிகளை எச்சரித்தேன். "இங்க பாருங்க... யாராச்சும் அந்தப் பொத்தானைத் தட்டுனீங்கன்னு தெரிஞ்சிச்சு, அப்புறம் நான் பேசவே மாட்டேன்!"

"ஐயோ, நான் போய் தட்டுவனாக்கா?" என்றாள் விஜயா. "உங்க கிரீடம் சூப்பர்லா!"

எனக்கு ஜில்லென்றிருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவள் வாயால் இரண்டு வார்த்தை பாராட்டு கேட்காவிட்டால் ஆட்டமே இனிக்காது என்றாகிவிட்டது.

அந்த விஜயாதான் ஊரைவிட்டுப் போகிறாள். கேன்டீனில் கேக் வெட்டினோம். படம் எடுத்தோம். அழுதோம். ஆனாலும் மனசு ஆறவில்லை. அப்போதுதான் கலா சொன்னாள்: "மூணு பேரும் விஜயாவோட சிறகைப் போட்டுக்கிட்டு நிப்போம். அவளைப் போலவே!"

நாள் முழுக்க ஒரே மாதிரி உடுத்திச் சலித்துப்போன பெண்கள், பிரியாவிடைக்கும் ஒரே மாதிரி உடுத்த ஆசைப்பட்டோம் பாருங்கள். எங்களைத் தவிர வேறு யாருக்கு இந்தப் புத்தி வரும்?

அந்தச் சிறகு லேசில் கிடைக்காது. ஜெயிக்க வேண்டும், மறுபடி ஜெயிக்க வேண்டும். டீ நேரத்தில் ஆடினேன். பஸ்ஸில் ஆடினேன். துணி காயப்போட்டுவிட்டு ஆடினேன். "ஓவர்டைம்கூட நீ இப்படிச் செஞ்சதில்லையே" என்றார் வீட்டுக்காரர். சிறகு கிடைத்த அன்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரம்மா கதவைத் தட்டினார்.

இத்தனையும் செய்துவிட்டு மலை உச்சியில் நின்றால்... "எதும் பிரச்சனையா?"வாம்.

"விஜயா, உனக்கு ஒண்ணும் தெரியலையா?" என்றேன். என் குரல் எனக்கே சரியில்லை.

அவள் குரல் மெதுவாக வந்தது.

"திட்டாதீங்கக்கா. என் போன் பழசு. எல்லாரோட சிறகு, பொறி, லைட்டு எல்லாம் ஆடுச்சுன்னா சூடாயி செத்துடும், முன்னல்லாம் பாதி ஆட்டத்துல காணாம போவேனே. அதான்... அந்தப் பொத்தான் வந்த அன்னைக்கே தட்டிட்டேன்."

"அன்னைக்கேவா? அப்ப என் கிரீடம்?"

"அன்னையிலேர்ந்து பாக்கவே இல்லக்கா."

"அப்புறம் ஜெயிச்ச கொலுசு?"

"கொலுசு வேற போட்டிருந்தீங்களா?"

கலா சிரித்துவிட்டாள். ஆயிஷா சிரிப்பை அடக்கி இருமினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேசமாட்டேன் என்று மிரட்டி வைத்தவள் நான். பயந்துபோய் 'சூப்பர்லா' சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். இதில் யாரைக் கோபித்துக்கொள்வது?

"மூணு பேரும் உன் சிறகைப் போட்டுக்கிட்டு வந்திருக்கோம்டி" என்று கலா உண்மையைப் போட்டு உடைத்தாள்.

"அலாமாக்! இருங்க, இருங்க, இப்பவே மாத்துறேன்."

மாற்றினாள். அடுத்த நொடி ஆளைக் காணோம். போன் படுத்துவிட்டது. நாங்கள் மூவரும் சிறகோடு காத்து நின்றோம். குருமா அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. கை நீட்டி அடுப்பை அணைத்தேன். பல நிமிஷம் கழித்துத் திரும்பி வந்தாள்.

"மஞ்சளா என்னமோ தெரிஞ்சிச்சுக்கா. உடனே ஸ்கிரீன் கறுப்பாயிடுச்சு. இப்ப மறுபடியும் மறைச்சிட்டுத்தான் வந்தேன்."

"போச்சு. எல்லாம் வீணு" என்றேன். கேம்தானே என்பீர்கள். நாளைக்கு அவள் இங்கே இருக்கமாட்டாளே!

"வீணெல்லாம் இல்ல" என்றாள் விஜயா. "எல்லாரும் மைக்க மூடுங்க. ஒவ்வொரு ஆளா கொஞ்ச தூரம் நடங்க. நீங்கெல்லாம் எனக்குச் சாம்பல் பொம்மைதான், பேரும் தெரியல. யார் யாருன்னு நான் சொல்றேன்."

முதல் பொம்மை நடந்தது.

"ஆயிஷா! லைன்லயும் செவுத்தோரமாத்தான் போவா, நடுவுல வரவே மாட்டா."

இரண்டாவது பொம்மை.

"இது கலா. கொஞ்சம் போவா, நின்னு திரும்பிப் பாப்பா. மெஷின விட்டுட்டு டாய்லட்டு போறப்பவும் சூப்பர்வைசர் வர்றாரான்னு இப்படித்தான் பாப்பா."

என் முறை. இவளை ஏமாற்றிவிட வேண்டும் என்று வைராக்கியத்தோடு அடிமேல் அடி வைத்து, மகாராணி மாதிரி நடந்தேன். கொஞ்ச தூரம்தான். கட்டைவிரல் தானாகவே போய், குதிப்பதற்கான பொத்தானை அழுத்திவிட்டது.

"சாந்திக்கா!" விஜயா சிரித்த சிரிப்பில் என் போனே அதிர்ந்தது. "உங்களால மெதுவா நடக்கவே முடியாதுக்கா. லைன்ல சூப்பர்வைசர் சொன்னா ரெண்டு நிமிஷம் நடப்பீங்க, அப்புறம் ஒரே ஓட்டம்தான்."

மூவரும் மைக்கைத் திறந்து ஒரே நேரத்தில் கத்தினோம். சத்தம் அடங்கியதும் அவள் குரல் மாறியிருந்தது.

"அந்த வெள்ளை ஜம்ப்சூட்லயே உங்கள வாசல்ல நின்னு கண்டுபிடிச்சிருவேன்க்கா. சாம்பல் கலர்ல தெரியாதா எனக்கு?"

அழுதேன். வெட்கமே இல்லாமல், அடிப்பிடித்த குருமாவுக்குப் பக்கத்தில் நின்று அழுதேன்.

ஆயிஷா கெட்டிக்காரி. தன் திரையில் தெரிந்ததைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் விஜயாவுக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் விஜயாவிடமிருந்து குரல் செய்தி. முழுக்கச் சிரிப்பும் மூக்குறிஞ்சலும். கடைசியில் மட்டும் இரண்டு வார்த்தை புரிந்தது: "எல்லாமே நானா!"

இப்போது அந்தப் பொத்தானைப் பற்றி என் கருத்து மாறிவிட்டது. இருந்துவிட்டுப் போகட்டும். பழைய போன் வைத்திருப்பவளும் ஆட வேண்டாமா? கண் கூசுகிறவளும் ஆட வேண்டாமா? அலங்காரம் என் பாடு, பார்ப்பது அவள் பாடு. ஒன்றே ஒன்று — மறைத்தால் மறைத்தேன் என்று சொல்லிவிடுங்கள். 'சூப்பர்லா' மட்டும் வேண்டாம். இதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நான் அப்பவே சொன்னேன்ல?" என்றபடி அடிப்பிடித்த குருமாவை இரண்டாவது தடவை போட்டுக்கொண்டார். நாக்குக்கும் அவரிடம் ஒரு பொத்தான் இருக்கும்போலிருக்கிறது.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். விஜயாவின் மெஷினில் ஓர் உருவம். அதே வெள்ளை ஜம்ப்சூட், அதே மாஸ்க், அதே உயரம். வாசலிலேயே தெரிந்துவிட்டது, அது விஜயா இல்லை என்று. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

டீ நேரத்தில் நேரே புதுப் பெண்ணிடம் போய் உட்கார்ந்தேன். பெயர்கூடக் கேட்கவில்லை.

"தங்கச்சி, போன்ல கேம் ஆடுவியா?"