மடித்து வைத்த வேட்டி

லஸ்ஸில் டிராம் ஓடிய நாட்களில் நாங்கள் அமாவாசைதோறும் கடலில் முழுகப் போவோம். எங்களுக்குக் காவலாக நொச்சிக்குப்பத்துக் கட்டுமரக்காரர் ஒருவர் கரையில் இருப்பார். நெடிய கறுத்த உடம்பு, உப்புப் பூத்த புருவம். கடலைவிட, நாங்கள் மணலில் கழற்றி வைத்த துணிகளைத்தான் அதிகம் பார்ப்பார். ஒருமுறை காரணம் கேட்டேன்.

“அலையில தல தெரியாது சாமி. துணி கீதுன்னா, ஆளு உள்ள கீறாரு.”

அன்று எல்லோரும் கரையேறி உடுத்திக்கொண்டு கிளம்பினோம். திரும்பிப் பார்த்தால், அவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. எதிரே மடித்த வேட்டி ஒன்று கிடந்தது.

பதறி ஓடினேன். “இது யாருது? உள்ள யார்?”

“பயப்படாத சாமி, என் தம்பிது. போன ஐப்பசியில இங்கதான் அவுத்து வச்சிட்டு கட்டுமரம் ஏறுனான். நாந்தான் தெனம் வூட்லேர்ந்து எடுத்தாறேன்.”

வேட்டி அப்போதுதான் வெளுத்ததுபோல் இருந்தது.

“வெயில் ஏறிடுத்தே, கிளம்பலையா?” என்றேன்.

“துணி கீதே சாமி.”

இன்றும் எங்கே முழுகினாலும், ஈரம் சொட்டச் சொட்ட ஓடிப்போய் முதலில் என் வேட்டியை எடுத்துவிடுகிறேன்.