தெலுங்கு மாமாவின் உண்ணாவிரதம்

கொழும்பு வெள்ளவத்தையில் என் பிளாட்டின் குசினித் தட்டில், கண்ணாடிக் கிளாஸ்களுக்கு நடுவே ஒரு பழைய பித்தளை டம்ளர் இருக்கிறது. விளிம்பு நெளிந்தது, உள்ளே பூசிய ஈயம் பாதி போய்விட்டது. அது நான் வளர்ந்த கொட்டாஞ்சேனையில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரருடையது. ஒழுங்கை முழுவதும் அவரைத் தெலுங்கு மாமா என்றுதான் அழைத்தது. தெலுங்கு என்பது ஏதோ உத்தியோகம் என்று சின்ன வயதில் நான் நினைத்திருந்தேன். சென்னை ஜார்ஜ் டவுனில் பிறந்தவர், புறக்கோட்டைப் புடவைக்கடை ஒன்றுக்கு வேலைக்கு வந்து, அடுத்த ஒழுங்கைக் கத்தோலிக்கத் தமிழ்ப் பெண்ணைக் கட்டி இங்கேயே தங்கிவிட்டார். மாமாவின் மனைவி மாமியாகாமல் எங்களுக்கு எப்படியோ அன்ரியானார்.

ஒவ்வொரு மார்கழியிலும் நத்தாருக்கு முன் ஒரு நாள் மாமா சாப்பிடமாட்டார். அன்ரி கிறிஸ்மஸ் கேக்குக்குக் கஜு வெட்டிக்கொண்டிருக்க, இவர் விறாந்தையில் இருந்து இந்த டம்ளரில் தேசிக்காய் பிழிந்த புளியும் உப்பும் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பார். உலகத்தில் இல்லாத ஆசாரம் என்று அன்ரி முணுமுணுப்பார். ஆனால் அன்று அவரும் சோறு வைப்பதில்லை.

காரணத்தை நான் பெரியவளான பிறகுதான் முழுவதுமாகக் கேட்டேன். ஐம்பதுகளின் தொடக்கத்தில் சென்னையும் ஆந்திரமும் ஒரே மாநிலம். தெலுங்கு பேசுகிறவர்களுக்குத் தனி மாநிலம் வேண்டும், சென்னையும் அவர்களுக்குத்தான் என்று கிளர்ச்சி நடந்த காலம். மாநிலம் கேட்டு ஒரு மனிதர் மயிலாப்பூரில் ஒரு வீட்டில் உண்ணாவிரதம் இருந்தார். மனைவியை முன்பே பறிகொடுத்தவர். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மாமா, வகுப்புக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அந்த வீட்டு முற்றத்தில் போய் நிற்பார். வாரக்கணக்கில் மெலிந்துகொண்டே போன அந்த உடம்புக்கு, தன் வீட்டிலிருந்து கொண்டுபோன இந்த டம்ளரில் தேசிக்காய்த் தண்ணீர் கலந்து உள்ளே அனுப்புவார். வெளியே கூட்டம் கோஷம் போடும். அரசாங்கம் கடைசி நேரத்தில் இறங்கிவரும் என்று எல்லோரும் நம்பினார்கள். மார்கழியில் ஒரு நாள் அந்த மனிதர் இறந்துபோனார். தெலுங்கு ஊர்கள் கொந்தளித்தன, துப்பாக்கிச் சூட்டில் சிலர் செத்தார்கள், பிறகு மாநிலம் தருவதாக டெல்லி சொன்னது. சென்னை மட்டும் அதில் இல்லை. "மாநிலம் கிடைச்சுது, எங்கட தெரு கிடைக்கேல்லை" என்று மாமா சிரிப்பார். அந்த மாநிலத்தில் ஒரு நாளும் குடியிருக்காமல் கப்பலேறி இங்கே வந்தார். இங்கே அவரையும் தமிழர் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் எங்கள் வீட்டுக்கு வைத்த நெருப்பு அவர் வீட்டையும் விட்டுவைக்கவில்லை. டம்ளர் நெளிந்தது அன்றுதான். என்ன நடந்தாலும் ஒன்றை மட்டும் அவர் விடவில்லை. ஒரு மனிதன் சாப்பிட மறுத்தால் எந்த அரசாங்கமும் ஒரு நாள் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும் என்பார்.

யுத்தத்தின் கடைசிக் காலத்தில் அவர்களுடைய ஒரே மகனை, நான் இடுப்பில் தூக்கித் திரிந்த தம்பியை, வேலைக்குப் போகும் வழியில் யாரென்று தெரியாதவர்கள் வெள்ளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பொலிஸ், முகாம் என்று மாமாவும் அன்ரியும் ஏறாத படியில்லை. எங்கும் பதில் இல்லை. ஒரு காலை மாமா வெள்ளை வேட்டி கட்டி, மகனின் படத்தை மடியில் வைத்து, கோட்டை ரயில் நிலையத்துக்கு முன்னால் பாய் விரித்து இருந்துவிட்டார். எழுபது தாண்டிய உடம்புக்குத் தேசிக்காய்த் தண்ணீர் மட்டும். அன்ரியும் நானும் மாறிமாறிப் பக்கத்தில் இருந்தோம். முதல் நாள் இரண்டு பேர் படம் எடுத்தார்கள். பிறகு சனம் தன்பாட்டில் ரயிலைப் பிடிக்க ஓடியது. ஒரு பொலிஸ்காரர் மட்டும் குனிந்து, வெயில் ஏறுகிறது தாத்தா, வீட்டுக்குப் போங்கள் என்று சிங்களத்தில் சொன்னார். குரலில் இரக்கம் இருந்தது. அதற்கு மேல் இறங்கிவர ஒருவரும் இருக்கவில்லை.

மாமாவின் பேச்சு குழறத் தொடங்கிய மத்தியானம், அன்ரி டம்ளரோடு வந்து அவருக்கு முன்னால் நிலத்தில் இருந்தார். அதில் தண்ணீர் இல்லை, கஞ்சி இருந்தது. அன்ரி அழவில்லை.

"நீங்களும் போயிட்டா, பிள்ளை வந்து நிண்டா ஆர் கதவு திறக்கிறது?"

மாமா மடியிலிருந்த படத்தை எடுத்துப் பாயில் வைத்தார். பிறகு வாங்கிக் குடித்தார். பாதியில் நிறுத்தி, என் பக்கம் திரும்பினார். "அந்த மயிலாப்பூர் மனுசனுக்கு இப்பிடிக் கேக்க வீட்டில ஆளில்லை. நாங்கள் முற்றத்தில நிண்டு கைதட்டினனாங்கள்" என்றார். அத்தனை சனத்துக்கு நடுவே நான் வாய்விட்டு அழுதேன்.

அதன்பிறகு மார்கழியிலும் அவர் பட்டினி இருக்கவில்லை. மூன்று வேளையும் மருந்து குடிப்பதுபோலத் தட்டைக் காலி செய்தார். பசித்துச் சாப்பிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. தம்பி வரும்வரை உயிரோடு இருக்கவேண்டும், அவ்வளவுதான். அப்படிச் சாப்பிட்டுச் சாப்பிட்டுக் காத்திருந்தவர், ஒரு காலை இடியப்பம் சாப்பிட்ட கையோடு இருந்த கதிரையிலேயே போய்விட்டார்.

அன்ரிக்கு இப்போது தனியே இருக்க முடிவதில்லை. அண்மையில் கன்னியாஸ்திரிகளின் முதியோர் இல்லத்துக்குப் போனார். போகும்போது டம்ளரைப் பேப்பரில் சுற்றி என்னிடம் தந்தார். வீட்டுக்கு வேறு ஆட்கள் வரப்போகிறார்கள், தம்பி வந்தால் உன்னைத்தான் தேடுவான், சந்திக் கடைக்காரரிடம் உன் விலாசத்தைச் சொல்லி வைத்திருக்கிறேன் என்றார்.

"களைச்சுப்போய் வருவான். முதல்ல இதில தண்ணி குடு."

டம்ளரைத் தினமும் கழுவித் துடைத்து வைக்கிறேன். வேறு எவருக்கும் அதில் தண்ணீர் கொடுப்பதில்லை. இதுவரை எங்கள் வாசலுக்கு வந்தவர்கள் காஸ் சிலிண்டர்காரரும் மேல்மாடி டியூஷனுக்கு வழி தவறிய பிள்ளைகளும்தான். ஆனாலும் பெல் அடித்தால், வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும், நானே போய்க் கதவைத் திறக்கிறேன்.