தண்ணி இல்லன்னு சொன்ன பூமயில் அக்கா

இன்னைக்குக் காலையில மாரியூர் டீக்கடை வாசல்ல பூமயில் அக்காவப் பாத்து ரெண்டு மணி நேரம் பேசிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த கையோட டைப் பண்றேன், தப்பு இருந்தா பொறுத்துக்கங்க. கடலாடி மண்டபத்துல மைக்கப் பிடிச்சு "நான் பொய் சொன்னேன்"னு ஒரு அம்மா சொன்ன வீடியோ ஓடுச்சே, அவங்கதான். வீடியோ ஒரு நிமிஷம்தான். அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் நடந்தது அதுல இல்ல. அத யாராச்சும் எழுதணும்ல?

மொதல்ல விஷயத்தச் சொல்லிடறேன். மாரியூருக்கு மேக்க, கடலுக்கும் கருவேலங்காட்டுக்கும் நடுவுல ஒரு மணல் மேடு இருக்கு. அங்கன ஒரு கம்பெனி ஆபத்தான கழிவப் பொதைக்கிற கெடங்கு கட்டப் போகுதாம். ஆசிட் சகதி, மருந்து கம்பெனி மிச்சம், எரிச்ச சாம்பல்னு எந்தெந்த ஊருலயோ வேணாம்னு தள்ளுனதெல்லாம் லாரி லாரியா வரும். பெரிய குழியா வெட்டி, அடியில தடி பிளாஸ்டிக் விரிச்சு, கொட்டி மூடுவாய்ங்களாம். ஏன்டா இங்கனன்னு கேட்டா, அறிக்கையில எழுதியிருக்காய்ங்க: "தரிசு நிலம். குடிநீர் ஆதாரம் ஏதுமில்லை." ஏசி காருக்குள்ள உக்காந்து பாத்தா ராமநாதபுரம் ஜில்லாவே தரிசாத்தான் தெரியும்.

அந்த மேட்டுலதான் பூமயில் அக்கா ஊருக்கு ஊத்து இருக்கு.

ஊத்துன்னா கெணறு இல்ல, போரும் இல்ல. மணல்ல இடுப்பளவு பள்ளம், கோடையில கழுத்தளவு. அடியில ஊறுற தண்ணிய தேங்கா செரட்டையால மோந்து மோந்து கொடத்துல ஊத்தணும். கூப்புடு தூரத்துல கடல் கெடக்கு, ஆனா தண்ணி எளநி மாதிரி இருக்கும். நான் குடிச்சேன். மழைத் தண்ணி மணலுக்குள்ள எறங்கி, உப்புத் தண்ணிக்கு மேல பாலேடு மாதிரி மெல்லிசா நிக்கிது. செரட்டையால எடுத்தா ஏடு திரும்பக் கூடிக்கும். மோட்டார் வச்சு இழுத்தா அடி உப்பு மேல வந்துரும், அதோட முடிஞ்சுது.

அக்கா பொறந்தது சிக்கல்ல, வெள்ளாமைக் குடும்பம். கண்மாயில கொடத்த ஒரு முக்கு முக்கித் தூக்கியே பழக்கம். இருவது வயசுல இங்கன வாக்கப்பட்டு வந்து, மொத நாளே ஊத்துக்குள்ள எறங்கி வேகவேகமா அள்ளி மொத்தத் தண்ணியையும் கலக்கி விட்ருச்சு. சுத்தி நின்ன பொம்பளைங்க, "ஏம்மா, மாடு குளிப்பாட்டவா வந்த?"ன்னு கேட்டுச் சிரிச்சிருக்காங்க. இப்ப வயசு நாப்பத்தி நாலு. வீட்டுக்காரரு கேரளாவுல கொத்து வேலை. அக்கா கருவேலம் வெட்டிக் கரிமூட்டத்துக்குப் போடுது. ஊத்துல எறங்கி ஒரு சொட்டு கலங்காம கொடம் நெறைக்க இன்னைக்கு அந்த ஊருல அதுக்கு ஈடு ஆளில்ல.

ஊத்துக்கு ரெண்டு கட்டுப்பாடு உண்டு. எடுத்து முடிச்சதும் பனையோலை போட்டு, மேல மணலத் தள்ளி, அதுக்கு மேல முள்ளு வச்சு மூடிறணும், ஆடு நாயி எறங்காம. ரெண்டாவது, வெளியாளு கேட்டா ஊத்து இருக்குன்னு மூச்சு விடக்கூடாது. இது சும்மா வந்த கட்டுப்பாடு இல்ல. பதினோரு வருஷம் முன்னாடி இதே ஊர்க்காரன் மாரிச்செல்வம், இப்ப மூணு டேங்கர் லாரி வச்சிருக்கானே அந்தப் பெரிய மனுசன், பழைய ஊத்துல மோட்டார எறக்கிப் பதினஞ்சு நாள்ல உப்பாக்கிட்டான். அதுக்கப்புறம் தோண்டுன இந்த ஊத்து எங்கன இருக்குன்னு அவனுக்கே தெரியாம பாத்துக்கிட்டாங்க பொம்பளைங்க.

இப்ப கேளுங்க கூத்த. போன வருஷம் சித்திரை வெயில்ல கம்பெனி அனுப்புன ஆய்வுக்காரய்ங்க வெள்ளைக் கார்ல வந்து எறங்குறாய்ங்க. அக்கா அப்பத்தான் தண்ணி எடுத்து வீட்டுல வச்சுட்டு, வெறுங்கொடத்தோட திரும்பி வருது.

"அம்மா, இங்க குடிக்கிற தண்ணி ஏதாவது இருக்கா?"

டேங்கர்காரன் அனுப்புன ஆளுன்னு நெனச்சுருச்சு அக்கா. "இங்கனயா? கடல் கெடக்கு, மோந்துக்கங்க."

"கிணறு?"

"இல்ல."

"ஊத்து, கீத்து?"

"ஒண்ணுமே இல்ல. லாரித் தண்ணிதான்."

ஒரு போட்டோ எடுத்துக்கிட்டுப் போயிட்டாய்ங்க. "எதுக்குப்பா போட்டோன்னேன், ரெக்கார்டுக்குன்னான். முந்தானைய வேற சரி பண்ணிக்கிட்டு நின்னேன் பாரு, மூதேவி"ன்னு அக்கா தலையில அடிச்சுக்கிருச்சு.

ஊத்துக்கு எட்டடி தூரத்துல நின்னு கேட்ருக்காய்ங்க! பொட்டல்ல ஒத்தையடிப் பாதை ஏன் அங்கன வந்து முடியுது, முள்ளு ஏன் அடுக்கி வச்ச மாதிரி கெடக்குன்னு, அம்புட்டுப் படிச்சவய்ங்கள்ல ஒருத்தனுக்குத் தோணல. ஒரு பொம்பளையப் பிடிச்சு ரெண்டு கேள்வி, ஒரு படம். அதுக்குப் பேரு மக்கள் கருத்தாம். தூ.

இத மொதல்ல கண்டுபிடிச்சது ஜஸீலா. பக்கத்துத் தெரு, பி.காம் முடிச்ச புள்ள, வாப்பா தம்மாம்ல இருக்காரு. அவங்க வீட்டுக்கும் இதே ஊத்துத் தண்ணிதான். அறிக்கை அறுநூத்திச் சொச்சம் பக்கம் இங்கிலீஷ்ல. தமிழ்ல பதினாலே பக்கம், அதையும் எவன் எழுதுனானோ, வாசிச்சா நாக்கு சுளுக்கிக்கும். அதுல ஒம்பதாம் பக்கத்துல படம்.

"பூமயிலக்கா, உங்க போட்டோ வந்திருக்கு."

"எதுலடி, பேப்பர்லயா?"

"நம்ம ஊரப் பொதைக்கிற பேப்பர்ல."

படத்துக்குக் கீழ, "இப்பகுதியில் குடிநீர் ஆதாரம் இல்லை என உள்ளூர்ப் பெண்மணி உறுதிப்படுத்தினார்." உறுதிப்படுத்துனாராம்!

ஊருப் பொம்பளைங்க கூடி, "நீ ஏன்டி வாயத் தொறந்த?"ன்னு அக்காவப் பிடிச்சுக்கிட்டாங்க. அக்கா விடல. "உங்ககிட்ட கேட்ருந்தா மட்டும் கையப் பிடிச்சுக் கூட்டிப்போயா காட்டியிருப்பீங்க? நீங்களும் இல்லன்னுதான சொல்லியிருப்பீங்க?"

தண்ணி இருக்குன்னு சொன்னா எங்கன்னு காட்டணும். காட்டுனா மாரிச்செல்வம் பாத்துருவான். காட்டலைன்னா கழிவுக் கெடங்கு வந்துரும். எப்படிப் பாத்தாலும் ஊத்துக்குத்தான் ஆபத்து. மூணு நாளு பேசியும் முடிவு வரல. கடைசியில அக்காதான், "கெடங்கு வந்தா நம்ம பேரப்பிள்ளைக்கும் தண்ணி இல்ல. மாரிச்செல்வம்னா நாம காவல் இருந்துக்கலாம். சொன்ன வாயி என்னுது, நானே போறேன்"னுச்சு.

கருத்துக்கேட்புக் கூட்டம் எங்கன வச்சாய்ங்க தெரியுமா? மேடு இருக்கிற எடத்துல இல்ல. கடலாடி கல்யாண மண்டபத்துல, செவ்வாக்கிழமை, வேலை நாள்ல. மேடையில சோபா, ஆளுக்கு ஒரு தண்ணி பாட்டிலு. கீழ அஞ்சு பஸ்ல ஏத்திட்டு வந்த கூட்டம், மடியில பிரியாணிப் பொட்டலம். மொதல்ல ஆதரவு தெரிவிக்கிறவங்கள வரிசையா விட்டாய்ங்க. ஒரு ஆளு எந்திரிச்சு, "இந்தக் காலேஜு எங்க பகுதிக்கு அவசியம் வேணும்"னு முழங்கிட்டு உக்காந்தாரு. மேடை அதையும் குறிச்சுக்கிச்சு! அடுத்தது மாரிச்செல்வம். "வறண்ட பூமி, வேலைவாய்ப்பு, வளர்ச்சி"ன்னு அடுக்குனான். கம்பெனிக்குத் தண்ணி சப்ளை காண்ட்ராக்ட் அவனுக்குத்தான்னு அங்க தெரியாத ஆளில்ல.

பொறவு கம்பெனியோட கன்சல்டன்ட் தம்பி பெரிய திரையில படம் காட்டுனாரு. வெறுங்கொடத்தோட பூமயில் அக்கா, ஆளு ஒசரத்துக்கு. அக்கா விடுவிடுன்னு போயி மைக்கப் பிடிச்சிருச்சு.

"அந்தப் படத்துல நிக்கிறது நாந்தான். அன்னைக்கு நான் பொய் சொன்னேன். தண்ணி இருக்கு."

கன்சல்டன்ட் சிரிச்சாரு. "அன்னைக்கு இல்லன்னீங்க, இன்னைக்கு இருக்குங்கறீங்க. யாரும்மா சொல்லிக் குடுத்தது?"

"ஏன் தம்பி, உங்க வீட்டு பீரோ சாவி எங்கன இருக்குன்னு ரோட்டுல போறவன் கேட்டா சொல்லிருவீங்களா?"

மண்டபமே சிரிச்சுருச்சு. மேடையில இருந்த பெரிய அதிகாரி வாட்சப் பாத்துக்கிட்டே, "எழுதிக் குடுங்கம்மா, பதிவு பண்ணிக்கிறோம்"னாரு.

"என் பொய்யப் பதிவு பண்ண கார் போட்டு வந்தீங்க. உண்மையப் பதிவு பண்ண மட்டும் நான் எழுதிக் குடுக்கணுமோ? வாங்க, காட்டுறேன்."

பிரியாணிப் பொட்டலத்தக் கீழ வச்சுட்டு பஸ்ல வந்த கூட்டமும் கை தட்டுச்சு. அதுக்கப்புறம் அதிகாரியால எந்திரிக்காம இருக்க முடியல.

மேட்டுக்கு வந்து சேந்தாங்க. ஷூவுக்குள்ள மணல் போயி பெரிய மனுசங்க ஒத்தக் கால்ல நின்னு தட்டுனத நெனச்சு அக்கா இன்னும் சிரிக்கிது. ஆனா அடுத்ததச் சொல்லையில சிரிக்கல. பின்னாடியே மாரிச்செல்வமும் வண்டியில வந்து நின்னுருக்கான். "அவன் பாக்குறான்னு தெரியுது. முள்ள எடுக்க கை போகல தம்பி. ஜஸீலாதான் வந்து ஒரு பக்கம் பிடிச்சா." முள்ள எடுத்து, மணலத் தள்ளி, ஓலையத் தூக்குனா, தெளிஞ்ச தண்ணி. அக்கா எறங்கி ஒரு செரட்டை மோந்து நீட்டுச்சு. அதிகாரி குடிச்சாரு. இன்னொரு செரட்டை கேட்டாரு.

கன்சல்டன்ட் விடுவாரா? "சார், டெக்னிக்கலா இது நீராதாரம் இல்ல. வெறும் குழி."

"நீங்க வெட்டப் போறதும் குழிதான தம்பி? அதுக்கு மட்டும் அறுநூறு பக்கமோ?"

ஒரு மாசத்துல உத்தரவு வந்துச்சு, தண்ணிய மட்டும் மறுபடி ஆய்வு பண்ணணும்னு. ரத்துன்னு இல்ல. இத வெற்றின்னு போஸ்டு போட்ட புண்ணியவானுங்க நெறையப் பேரு. ஊத்துப் பக்கம் ஒருத்தன் எட்டிப் பாக்கல.

எட்டிப் பாத்தது மாரிச்செல்வம் மட்டுந்தான். போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா நேரம். ஜஸீலா தெரு ஆம்பளைங்க பள்ளிவாசல்ல, பொம்பளைங்க எல்லாம் நூறுநாள் வேலையில. மோட்டார எறக்கிட்டான். டீசல் சத்தம் கேட்டு அக்கா ஓடி வந்து ஹோஸுக்கு மேல உக்காந்துருச்சு.

"ஏலே, எடுறா மோட்டார!"

"ஊருக்கே காட்டிட்டீங்கள்ல மதினி, இப்ப பொதுத் தண்ணிதான?"

"இந்த மணல்ல ஊறுன தண்ணியக் குடிச்சு வளந்தவன்தானடா நீ, வெக்கங்கெட்டவனே!"

எல்லாரும் வந்து சேந்ததும் கெளம்பிட்டான். ஆனா அதுக்குள்ள ஒரு டேங்கர் நெறைஞ்சிருச்சு. மறுநாள் தண்ணி கரிச்சுச்சு. மறு ஆய்வுக்கு வர்றவய்ங்க இப்ப வந்து எடுத்துப் பாத்தா "உப்பு நீர், குடிக்க ஏற்றதல்ல"ன்னு எழுதிட்டுப் போயிருவாய்ங்க. எல்லாம் கெட்டுச்சு.

அதனால ஊத்துல இப்ப யாரும் ஒரு செரட்டை கூட எடுக்கிறதில்ல. ஏடு திரும்பக் கூடட்டும்னு விட்டு வச்சிருக்காங்க. குடிக்கிறதுக்கு மாரிச்செல்வம் லாரியிலயே காசு குடுத்துப் பிடிக்கிறாங்க, அந்த ஆளும் கூசாம ஊத்துறான். பகல் முச்சூடும் நாலு பேரு முறை வச்சு மேட்டுல உக்காந்திருக்காங்க. ஒரு மழை பெஞ்சிருக்கு, உப்பு கொஞ்சம் கொறைஞ்சிருக்கு. நான் குடிச்சது முந்தி எடுத்து வச்ச கடைசிப் பானைத் தண்ணி. பேசி முடிச்சதும் வீட்டுக்குக் கூட்டிப்போயி எனக்குன்னு மோந்து குடுத்துச்சு அக்கா, வேணாம்னு சொல்லியும் கேக்கல.

ஆய்வுக்காரய்ங்க வர்ற தேதிய இன்னும் சொல்லல. சொல்லாம வர்றதுதான் அவய்ங்க பழக்கம். மோட்டார் வந்தாலும் ஆய்வு வந்தாலும் அங்க ஆளு இருக்கணும், அதனால கேக்குறேன். கடலாடி, சாயல்குடி பக்கம் இருக்கிறவங்க ஒரு நாளு வந்து அந்த நாலு பேரோட உக்காருங்க. சாப்பாடும் குடிக்கத் தண்ணியும் நீங்களே கொண்டு வாங்க, அவங்ககிட்ட கேக்காதீங்க. ஜஸீலா நம்பர் மொத கமெண்டுல இருக்கு. வரமுடியாதவங்க இத ஷேர் பண்ணுங்க, வீடியோவ விட்டுட்டு இத.